பதில் விசில்

எங்கள் பாதையில் ரயில் மலை ஏறும்போது என்ஜின் முன்னால் இருக்காது, பின்னால் நின்று தள்ளும். கொக்கி அறுந்தால் பெட்டிகள் பள்ளத்தைப் பார்த்து ஓடிவிடக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு. அதனால் டிரைவருக்குத் தெரிவதெல்லாம் கடைசிப் பெட்டியின் பின்சுவர்தான். தண்டவாளத்தில் பாறை கிடக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க முதல் பெட்டியின் முன்மேடையில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு ஹாரன் உண்டு, ஒரு பிரேக் பிடி உண்டு. ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்தால் போகலாம். இரண்டு என்றால் மெதுவாக. மூன்று என்றால் நிறுத்து. அடித்ததை டிரைவர் அப்படியே என்ஜின் விசிலில் திருப்பி அடிக்க வேண்டும். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம்.

டிரைவர் லியாவ் போன இலையுதிர் காலத்திலிருந்து திருப்பி அடிப்பதில்லை.

சொன்னதைச் செய்வான். மெதுவாக என்றால் மெதுவாகப் போவான், நிறுத்து என்றால் நிறுத்துவான். ஆனால் விசில் கயிற்றைத் தொட மாட்டான். மற்றவர்கள் முன்னால் நிற்கும் நாட்களில் அடிப்பான். சாயுங்கு நின்றால் மட்டும் அடிக்க மாட்டான்.

சாயுங்கு மலைக்குடிப் பெண். ட்ஸோ இனம். தேயிலை பறித்தவள். பிறகு தண்டவாளம் பார்த்துச் சரிசெய்யும் எங்கள் கேங்கில் சேர்ந்து எங்களோடு ஜல்லிக் கூடை சுமந்தவள். தோள்பட்டையில் கூடைக் கயிறு அறுத்த தழும்பு எங்கள் எல்லோருக்கும் இருப்பதுபோல அவளுக்கும் உண்டு. கண் நல்ல கண். மூடுபனியில் நாங்கள் கிளை என்று நினைப்பதை அவள் மலையாடு என்பாள், போய்ப் பார்த்தால் மலையாடாகத்தான் இருக்கும். சில நாள் பாறையாகவும் இருக்கும். அப்போது நாங்கள் சிரிப்போம். அவளை முன்மேடைக்கு ஏற்றினார்கள். கேங்கிலிருந்து அங்கே போன முதல் பெண் அவள்தான். அந்த இடம் போனால் மறுபடி கூடை சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே சமவெளியில் அவள் தங்கை வேலை செய்யும் திருகாணித் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

பகைக்குக் காரணம் ஒரு கரடி.

மூன்றாம் குகைக்கு மேலே சரிவில் ஒரு கரடி கம்பிக் கண்ணியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. நெஞ்சில் பிறை போட்ட எங்கள் மலைக் கரடி. முன்கால் பாதம் அழுகிப்போயிருந்தது. சாயுங்கு முன்மேடையிலிருந்து அதைப் பார்த்தாள். மேலே ஸ்டேஷனுக்குப் போனதும் வனக்காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் வந்து மயக்க ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள், பாதத்தை அறுத்துத்தான் காப்பாற்ற முடிந்ததாம். கண்ணிக் கம்பி எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போய், லியாவின் தம்பி அஷான் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் நின்றார்கள். குளிர்பெட்டியைத் திறந்தால் கேளையாடு, காட்டுப்பன்றி, பிடிக்கத் தடை போட்ட நீளவால் காட்டுக்கோழிகூட இருந்தது. கடைக்குப் பூட்டு. கோர்ட்டில் தண்டனையை நிறுத்திவைத்து, இன்னொரு முறை மாட்டினால் உள்ளே என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஸ்டேஷன் தெருவில் பாதிக் கடைகளில் அதே கறிதான். பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் செர்ரிப் பூவைப் பார்த்துவிட்டு, பழைய என்ஜினோடு படம் பிடித்துவிட்டு, காதோடு காதாகக் கேட்பது அதைத்தான். எல்லோரும் குளிர்பெட்டியைக் காலி செய்ய வேண்டி வந்தது. சாயுங்குவின் சொந்தக் கிராமத்திலும் வனக்காவலர்கள் வீடு வீடாகப் புகுந்து அவள் மாமன்மார் துப்பாக்கியைத் தூக்கிப் போனார்கள். ஆக, அவள் மேலேயும் ஆகாதவள், கீழேயும் ஆகாதவள்.

"நீ என்ன கேளையாட்டுக் கறி தின்னதே இல்லையாடி?" என்று எங்கள் மேஸ்திரி கேட்டார்.

"தின்னிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"கரடியை எங்க வீட்ல தொட மாட்டாங்க. தொட்ட வீட்ல சாவு விழும்."

"உங்க வீட்டு வழக்கத்துக்கு எங்க தெருவே பட்டினி கிடக்கணுமா?"

"அண்ணே, உங்க தெரு ஒரு நாளும் பட்டினி கிடந்து நான் பாத்ததில்லை. உங்க வயித்தைப் பாத்தாலே தெரியுது."

நாங்கள் சிரித்தோம். மேஸ்திரி சிரிக்கவில்லை. காலைப் பலகாரக் கடைக்காரி அவளைப் பார்த்தால் "சோயாப்பால் தீந்துபோச்சு" என்பாள். அடுப்பில் அண்டா நுரை தள்ளிக்கொண்டிருக்கும். "கரடி பொண்டாட்டி" என்று பேர் வைத்தார்கள். ஓய்வறையில் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். அவள் அதில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது விசில்தான். ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "திட்டினா திட்டட்டும். ஆனா அங்க முன்னாடி நிக்கிறப்போ பின்னாடி ஆள் இருக்கானான்னே தெரியலை. ஹாரன் அடிக்கிறேன், மலைதான் கேக்குது."

"ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லேன்," என்றேன்.

"சொன்னேன். வண்டி நிக்குதான்னு கேட்டார். நிக்குதுன்னேன். அப்புறம் என்னம்மான்னார்."

செர்ரி பூத்த வாரம் அது. ஷெட்டிலிருந்து பழைய கரி என்ஜினை வெளியே எடுத்து, துடைத்து, பித்தளையெல்லாம் மினுக்கி, தினமும் ஒரு முறை ஓட்டினார்கள். லியாவ்தான் அதை ஓட்டுவான். அதன் பல்சக்கரங்களில் வேறு யாரையும் கைவைக்க விட மாட்டான். கரி அள்ளிப் போட பெங் என்று ஒருவன், வாயாடி. அன்று மழை தூறி ஓய்ந்து மூடுபனி இறங்கியிருந்தது. நனைந்த தண்டவாளம். இந்த மாதிரி நாளில் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், பின்னால் உருட்டிக்கொண்டு கீழ் ஸ்டேஷனுக்கே போக வேண்டும். அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு: ஏற்றத்தில் மிருகத்துக்கு நிறுத்தக் கூடாது. ஆடோ குரங்கோ, அதுவாக ஓடிவிடும். நிறுத்தினால் நிறுத்தினவர் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் குகையை விட்டு முன்பெட்டி வெளியே வந்தது. தள்ளிப் போகும் ரயில் முன்னால் சத்தமே போடாது. சத்தமெல்லாம் பின்னால், அதையும் அன்று குகை விழுங்கிக்கொண்டிருந்தது. வளைவில், தண்டவாளத்துக்கு நடுவே ஒரு ஆள் குனிந்திருந்தான். சாக்கு, மழைக்கோட்டு. அவன் காலுக்கடியில் ஒரு கேளையாடு கத்திக்கொண்டிருந்தது. நாய் குரைப்பதுபோலக் கத்தும் அது, அந்தக் கத்தலில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

சாயுங்கு மூன்று அடித்தாள். பின்னாலிருந்து பதில் இல்லை. அது வழக்கம்தான். வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. அது வழக்கம் இல்லை. மறுபடி மூன்று அடித்தாள். ஆள் நிமிர்ந்து பார்த்தான். ஓட முயன்றான். முடியவில்லை. ஆடு உதறிய உதறலில் கம்பிச் சுருக்கு அவன் மணிக்கட்டில் ஏறி இறுகியிருந்தது. மறுமுனை ஸ்லீப்பர் கட்டை ஆணியில் கட்டியிருந்தது.

என்ஜினில் நடந்ததைப் பெங் பிறகு எங்களிடம் சொன்னான். "அண்ணே, மூணு அடிக்கிறாண்ணே," என்றானாம். "அவளுக்கு வேற ஒரு கரடி தெரிஞ்சிருக்கும்," என்றானாம் லியாவ். வேகம் கொடுக்கும் ஆவிப் பிடியை மூடவில்லை. இரண்டாவது முறை மூன்று கேட்டது. "அண்ணே" என்று பெங் மறுபடி வாயைத் திறப்பதற்குள் சாயுங்கு பிரேக் பிடியை இழுத்துவிட்டாள்.

பெட்டிகளில் நின்றவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். காப்பிக் குவளை, புகைப்படக் கருவி, ஒரு கிழவரின் பல்செட்டு எல்லாம் தரையில் உருண்டன. தெற்கிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. வண்டி கிறீச்சிட்டு நின்றபோது அந்த ஆளுக்கும் முன்மேடைக்கும் நடுவே ஒரு ஸ்லீப்பர் கட்டைதான் பாக்கி.

அஷான்.

சாயுங்கு குதித்து இறங்கினாள். பனியில் பின்னால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, எல்லோரும் விழுந்த இடத்திலேயே கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி வேடிக்கை பாக்குற?" என்றான் அஷான். முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் வெளுக்கவில்லை. "வெட்டி விடு."

கருவிப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்து வந்து கம்பியை வெட்டினாள். கை ரத்தமாக இருந்தது.

"இதுக்கும் போன் பண்ணுவியா?"

"செத்திருப்ப."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. போன் பண்ணுவியா?"

"உங்க வீட்டு ஆளுங்க யாருக்குமே பதில் சொல்ற பழக்கம் கிடையாது. நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்?"

அஷான் காறித் துப்பினான். நல்ல கையால் ஆட்டைக் காலோடு பிடித்து இழுத்துக்கொண்டு மூங்கிலுக்குள் போய்விட்டான். உயிர் பிழைத்தவன் ஆட்டை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விடவில்லை.

பெங் ஓரமாகவே நடந்து முன்னால் வந்து சேர்ந்தபோது வெட்டின கம்பியும் ரத்தமும் மட்டும் இருந்தன. ஆணியில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தான். அந்த முடிச்சை எங்கள் மலையில் ஒருவன்தான் போடுவான். பெங் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனான், அவன் பேசாமல் இருந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான். லியாவிடம் போய்ச் சொன்னான். லியாவ் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே இருந்தானாம், கை சுத்தமான பிறகும்.

வண்டி கிளம்பவில்லை. சக்கரம் சுற்றியது. பின்னாலேயே உருட்டிக்கொண்டு கீழ் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பயணிகள் டிக்கெட் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஜுவாங் வண்டி ஆட்கள் எல்லோரையும் ஓய்வறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் கேங் ஆட்கள் மறுபடி பிடித்த மழைக்கு ஒதுங்கி அங்கேதான் இருந்தோம். வெளியே போகச் சொல்வார் என்று பார்த்தோம், சொல்லவில்லை. சண்டையைத் தவறவிட வேண்டாம் என்று நாங்களும் போகவில்லை. ஜுவாங் தானே கெட்டிலை எடுத்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். அவர் தேநீர் ஊற்றினால் ஏதோ பொய்க்கு ஏற்பாடு நடக்கிறது என்று அர்த்தம்.

"கீழே பெரிய ஆபீஸ்ல இருந்து கேக்குறாங்க," என்றார். "எதுக்கு பிரேக் பிடிச்சன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். சாயுங்கு, மிருகமா?"

"மிருகமும் இருந்துச்சு."

"மிருகம்னா உன் இடம் போச்சு. விதி தெரியும்ல? அந்த அம்மாவுக்குக் கை ஒடஞ்சிருக்கு."

"மனுஷன் இருந்தான் சார்."

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் யார் என்று தெரியும். பெங் வாய் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. லியாவ் ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பனிதான்.

ஜுவாங் தொண்டையைச் செருமினார். "மனுஷன்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க. போலீஸ் வரும். ஒருத்தன் உள்ளே போவான். ஊர் இப்பவே உன்மேல எரிஞ்சுக்கிட்டு இருக்கு. நான் ஒண்ணு சொல்றேன். மரக்கிளை. பெரிய கிளை ஒண்ணு தண்டவாளத்துல கிடந்துச்சு. பிரேக் பிடிச்ச. நீயே இறங்கி இழுத்துப் போட்ட. கிளைக்கு யாரும் சொந்தக்காரன் கிடையாது. உன் இடம் உனக்கு. என்ன சொல்ற?"

எங்கள் மேஸ்திரி தலையாட்டினார். "கிளைதான் நல்லது," என்றார். "நானே ஒண்ணு வெட்டிக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன்."

எல்லோரும் சாயுங்குவைப் பார்த்தார்கள். அந்த மாதங்களில் முதல் முறையாக ஊர் அவளிடம் ஒன்றைக் கேட்டது. அவள் தேநீரைத் தொடவில்லை.

"கிளைன்னே சொல்றேன்," என்றாள். "ஆனா லியாவ் அண்ணன் இங்கேயே, இத்தனை பேர் முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் ரெண்டு தடவை மூணு அடிச்சேன். அவருக்குக் கேட்டுச்சு. கேட்டும் அவர் பதில் அடிக்கலை, நிறுத்தவும் இல்லை. அதைச் சொல்லட்டும். இனிமே அடிப்பேன்னு சொல்லட்டும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"அது எதுக்கும்மா இப்போ," என்றார் ஜுவாங்.

"நாளைக்கும் நான்தானே சார் முன்னாடி நிக்கப்போறேன்."

"பெங்," என்று ஜுவாங் திரும்பினார். "நீ கேட்டியா?"

"நான் கரி அள்ளிட்டு இருந்தேன் சார். காதுல கரிதான் இருந்துச்சு."

லியாவ் ஜன்னலை விட்டுத் திரும்பினான். அவன் நிலைமையை வெளியாட்களுக்குச் சொல்வது கஷ்டம். திருட்டுக் கறி விற்றவனை எங்கள் மலை மன்னிக்கும், ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவனுக்குக் கல்யாணத்தில் முதல் வரிசையில் நாற்காலி போடும். ஆனால் முன்னால் நிற்கிறவரின் ஹாரனைக் கேட்டும் கேட்காததுபோல வண்டியைத் தள்ளினவன் என்று ஒரு டிரைவருக்குப் பேர் வந்தால் முடிந்தது. அவனுக்கு முன்னால் எவனும் நிற்க மாட்டான். என்ஜினைத் தர மாட்டார்கள், ஷெட்டில் எண்ணெய் துடைக்க விடுவார்கள். அதுவும் ஒரு பெண் கேட்டு, எங்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்வது.

"கிளை இல்லை," என்றான் லியாவ்.

ஜுவாங் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"மனுஷன்தான். என் தம்பி. கண்ணி போடப் போயிருந்தான். போலீஸைக் கூப்பிடுங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவ பிரேக் பிடிச்சது சரி. அவ இடம் அவளுக்கு இருக்கட்டும். என் விசிலைப் பத்திப் பேச அவளுக்குப் பாத்தியதை இல்லை. நான் பதில் அடிச்சேன். பனியில அவளுக்குக் கேக்கலை. அவ்வளவுதான்."

பெங் தன் செருப்பைப் பார்த்தான்.

"அண்ணே," என்றாள் சாயுங்கு. அந்த ஒரு சொல் மட்டும். கோபமாகக்கூட இல்லை. கேட்டது சரிதானா என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்வதுபோல இருந்தது.

லியாவ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மேஸ்திரிதான் சொன்னார்: "தம்பியைக் குடுத்துட்டான். ஒரு விசிலுக்கு." தேநீர் அப்படியே ஆறியது.

அஷானை அவன் வீட்டிலேயே பிடித்தார்கள். கையில் கட்டு, அடுப்பில் ஆட்டுக்கறி. ஜீப்பில் ஏறும்போது, "அந்தக் கரடி பொண்டாட்டிதானே?" என்று கேட்டானாம். "இல்லை, உங்க அண்ணன்," என்று போலீஸ்காரர் சொன்னாராம். அஷான் நம்பவில்லை. ஆனால் ஊர் நம்பியது. அடுத்த நாள் காலையில் லியாவ் அந்தப் பலகாரக் கடையில் போய் உட்கார்ந்தான். கடைக்காரி அண்டாவைக் கலக்கிக்கொண்டே, "சோயாப்பால் தீந்துபோச்சு" என்றாள். சாயுங்குவுக்கு அன்று ஒரு குவளை கிடைத்தது. மன்னிப்பெல்லாம் இல்லை. லியாவ் பார்க்க வேண்டும் என்பதற்காக ஊற்றிக் கொடுத்தாள். சாயுங்கு அதைக் குடிக்காமல் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பழைய என்ஜின் மறுபடி ஓடியது. வானம் வெளுத்திருந்தது. தேவதாரு உச்சிகள் தெரிந்தன, அதற்கு மேலே பெரிய சிகரத்தில் மிச்ச உறைபனி. குரங்குக் கூட்டம் ஸ்டேஷன் கூரையில் உட்கார்ந்து பயணிகளின் பையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மேலே மண் சரிந்த இடத்துக்குப் போக வேண்டும், கடைசிப் பெட்டியில், என்ஜினுக்கு ஒட்டின மாதிரி, மண்வெட்டிகளோடு நின்றோம். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம் என்பதுதான் உண்மை. பதில் அடித்தேன் என்று சொன்னவன் இன்று என்ன செய்யப்போகிறான்?

முன்னாலிருந்து ஒரு நீண்ட ஊதல் வந்தது. போகலாம்.

வண்டி நகர்ந்தது. விசில் வரவில்லை.

பெங் எங்களைப் பார்த்தான். நாங்கள் பெங்கைப் பார்த்தோம். மேடை தாண்டி, தண்டவாளம் பிரியும் கடைசி பாயிண்ட் தாண்டி, ஏற்றம் தொடங்கும் இடத்தில் பிரேக் விழுந்தது. வண்டி நின்றது. சாயுங்கு மெதுவாகத்தான் நிறுத்தினாள், யாரும் விழவில்லை.

லியாவ் ஆவிப் பிடியை மூடிவிட்டுக் காத்திருந்தான். முன்னால் ஒரு சத்தமும் இல்லை. பயணிகள் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். ஒருவன் இறங்கிப் படம் எடுத்தான், மேஸ்திரி அவனை வண்டிக்குள்ளே போகச் சொல்லித் திட்டினார். கொஞ்சம் பொறுத்து லியாவ் இறங்கினான். ஜல்லியில் நடந்து முன்னால் போனான். நாங்களும் மண்வெட்டிகளை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனோம்.

சாயுங்கு முன்மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். கை பிரேக் பிடியில் இருந்தது.

"எதுக்குடி நிறுத்தின?" என்றான் லியாவ்.

"பதில் வரலை. பதில் வரலைன்னா நிறுத்தணும். விதி."

"இத்தனை நாள் வந்துச்சா?"

"வரலை. இத்தனை நாள் நான் பொறுத்துக்கிட்டுப் போனேன். இனிமே பொறுக்க மாட்டேன்."

"என் தம்பி உள்ளே போயிட்டான். உன்னால."

"நான் கிளைன்னு சொல்றேன்னேன். நீங்கதான் வேண்டாம்னீங்க."

"இன்னும் என்னடி வேணும் உனக்கு? என் வீட்டையும் எழுதித் தரணுமா?"

"உங்க வீடு எனக்கு எதுக்கு? அங்க கறி வாசனை." நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். மேடைமேல் நின்றதால் அவனை விட உயரமாக இருந்தாள். "அண்ணே, நேத்து பதில் அடிச்சேன்னு இத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. அப்படிச் சொல்றதுக்காகத் தம்பியைக் குடுத்தீங்க. சொன்னது நெசம்னா இன்னைக்கும் அடிக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? அடிக்கலைன்னா, இதோ இவங்க எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்க தம்பி வீணா உள்ளே உட்கார்ந்திருப்பான்."

லியாவ் மேடையை ஒட்டி வந்தான். அவளை அடிக்கப்போகிறான் என்று நினைத்தோம். மேஸ்திரி ஒரு எட்டு முன்னால் வைத்தார். அடிக்கவில்லை. "நீ இந்த மலையை விட்டுப் போற அன்னைக்கு நான் பட்டாசு வெடிப்பேன்," என்றான்.

"வெடிங்க. அதுவரைக்கும் விசில் அடிங்க."

லியாவ் திரும்பி நடந்தான். போகிற வழியில் எங்கள் நடுவே வந்தான், நாங்கள் விலகி வழி விட்டோம். மரியாதைக்கு அல்ல, மேலே படக் கூடாது என்று. அது அவனுக்கும் தெரிந்தது. என்ஜினில் ஏறினான். நாங்களும் ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.

முன்னாலிருந்து மறுபடி ஒரு நீண்ட ஊதல்.

எதுவும் வரவில்லை. பெங் கரி மண்வெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். லியாவ் விசில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது அவன் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதைப் பிடித்து இழுத்தான்.

இழுத்தவன் விடவில்லை. காது கிழிகிற சத்தம். பயணிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், குழந்தைகள் அழுதன, ஸ்டேஷன் கூரையில் இருந்த குரங்குகள் சிதறி ஓடின. எதிர்ச் சரிவில் பட்டு அது திரும்பி வந்தது, அவன் இன்னும் விடவில்லை. ஆவி வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது.

"அண்ணே, அழுத்தம் இறங்குது, விடுண்ணே," என்று பெங் கத்தினான். "கரி அள்றது நான்தானே."

அப்புறம்தான் விட்டான். அந்த விசில் பதில் இல்லை, வசவு. அவன் தாய்மொழியில் இருக்கிற எல்லாக் கெட்ட வார்த்தையும் அதில் இருந்தது. எங்களுக்கே அப்படித்தான் கேட்டது, முன்னால் நின்றவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்.

பிரேக் விடுபட்ட சத்தம் கேட்டது. வண்டி ஏற ஆரம்பித்தது. முதல் வளைவில் சாயுங்கு இரண்டு அடித்தாள், மெதுவாக. லியாவ் கயிற்றைப் பிடித்தான்.